தகரக் கதவு

பிள்ளையார் துணை

கல்குடா
17.08.2010

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை வதனி எழுதுகிறேன். நாங்கள் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை, அதனால் அதை விட்டுவிடுகிறேன். நீங்களும் மச்சாளும் பிள்ளைகளும் அந்த ஊரில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க மாமாங்கேஸ்வரர் துணை நிற்க வேண்டும்.

போனில் நீங்கள் கேட்டதற்கெல்லாம் ஓம் ஓம் என்று மட்டும் சொன்னேன் என்று கோபிக்க வேண்டாம். இவருடைய அக்காமார் இரண்டு பக்கமும் இருந்து என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வளவு நிறையச் சனம். செத்த வீட்டுக்கு வருவது போல வந்து, தேத்தண்ணி குடித்து, ஆளுக்கு ஒரு கதை சொல்லிவிட்டுப் போகிறார்கள். யாருக்காவது ஒருவருக்கு உள்ளதை உள்ளபடி சொல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். அதனால்தான் இந்தக் கடிதம். போன் வந்த பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இப்படியா இருக்க வேண்டும்.

உங்கள் மச்சான் ஒரு ஆளை அடித்துவிட்டார். வீட்டில் களவெடுக்க வந்த ஆள் என்று அடித்தார். அந்த ஆள் மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறார். இவர் விளக்கமறியலில் இருக்கிறார். நீங்கள் ஊரில் இருந்த காலத்தில் இவர் பயிர் மேய வந்த மாட்டுக்குக்கூடக் கை ஓங்கி நீங்கள் கண்டதில்லை. கை ஓங்குகிறவள் நான்தான், நல்லரத்தினம் பாவம் என்று என்னைப் பகிடி பண்ணுவீர்கள். இப்போது பாருங்கள்.

கதவைப் பற்றி முதலில் சொல்கிறேன். சுனாமிக் கடல் வந்த பிறகு தொண்டு நிறுவனம் கட்டித் தந்த இந்த வீட்டுக்கு அவர்கள் பூட்டிய பலகைக் கதவு ஒரு மாரிக்கே ஊறி வெடித்துப் போனது. அதற்குப் பிறகு வாகரையில் சண்டை வந்து, அந்தப் பக்கத்துச் சனம் உடுத்த உடுப்போடு ஓடி வந்து முகாம்களில் கிடந்த நேரம், இங்கே ரோட்டில் லொறி லொறியாகக் கூரை ஓடும் யன்னலும் கதவும் விலைக்கு வந்தன. எங்கிருந்து வருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். இவர் நிலையோடு சேர்த்து ஒரு முதிரை மரக் கதவு வாங்கினார். தலைப்பக்கத்தில் இரண்டு மீன் செதுக்கின கதவு. நான் படம் எடுத்து அனுப்பினேன், நல்ல சாமான், விடாதே என்று நீங்களும் சொன்னீர்கள். உங்களில் குற்றம் பிடிக்க இதை எழுதவில்லை. இந்த வீடு மகள் கிருஷாந்தினிக்குச் சீதனமாகக் கொடுக்கிற வீடு. நம்முடைய பக்கத்தில் மாப்பிள்ளைதானே பெண் வீட்டுக்கு வருகிறது, வருகிறவன் வாசலைப் பார்த்து ஒரு மரியாதையோடு உள்ளே வர வேண்டும் என்று இவருக்கு ஆசை.

ஆனி மாதம் ஒரு நாள், கடற்கரையில் ஹோட்டல் கட்டுகிற வேலைக்கு வந்த ஒரு ஆள் வேலிக் கடப்படியில் நின்று தண்ணீர் கேட்டார். வயது போன ஆள். பெயர் வீரகத்தி என்று பிறகுதான் தெரியும். செம்பைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அந்த இரண்டு மீனையும் தொட்டுப் பார்த்தார். அடுத்த ஞாயிறு சட்டை போட்டு, தலை வாரி இழுத்து, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். தான் வாகரைப் பக்கத்து ஆள் என்றும், அது தன் பெண்சாதியின் தாய்வீட்டுக் கதவு என்றும், மகளுக்கு இப்போது கலியாணம் பேசி முடிந்திருக்கிறது என்றும், வீட்டைக் கதவோடு கொடுக்க வேண்டும் என்றும் மெதுவாகச் சொன்னார். இவர் காசு கொடுத்து வாங்கியது என்றார். அதற்கு அந்த ஆள் சொன்னது எனக்கு இன்னும் காதில் கிடக்கிறது. "நான் காசு கேக்கல்ல தம்பி. உங்கட வாசலை வெறுமையா விடவும் மாட்டன், வேற கதவு தருவன்." இவர் பொலிசைக் கூப்பிடுவேன் என்று சத்தம் போட்டார். வாழைப்பழத்தை வைத்துவிட்டுப் போனார்.

ஆடி அமாவாசைக்கு நாங்கள் மூவரும் விடிய முதல் பஸ்ஸில் மாமாங்கம் போனோம். இவர் தகப்பனுக்கு விரதம். தீர்த்தம் ஆடின ஈரத்தோடேயே இவர் திரும்பிவிட்டார், கடல் வந்த பிறகு தண்ணீருக்குப் பக்கத்தில் சனக்கூட்டத்துக்குள் இவரால் நிற்க முடியாது, மூச்சு முட்டும். நானும் மகளும் கடை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டோம். இவர் வீட்டுக்கு வந்தபோது நல்ல வெயில். ஒரு ஆள் கதவைக் கழற்றி முதுகில் ஏற்றிக்கொண்டு நின்றார். சுவரில் சாத்திக் கிடந்த தோணி ஊன்றும் கம்பை எடுத்து இவர் அடித்தார். எத்தனை அடி என்று பொலிஸ் கேட்டதற்கு, தெரியாது, கதவு விழும் வரை அடித்தேன் என்று சொன்னாராம். அடித்த பிறகு இவர்தான் ரோட்டுக்கு ஓடிக் கத்தினார். ஓட்டமாவடி ஹமீட் நானா ஓட்டோவில் வந்து, இரண்டு பேருமாக ஆளைத் தூக்கி வாழைச்சேனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அந்த ஆளின் தலையை இவர் மடியில் வைத்துக்கொண்டு போனாராம். நெற்றியில் விபூதி அழியாமல் இருந்ததாம், அவரும் விரதம்.

நானும் மகளும் வந்து சேர்ந்தபோது முதிரைக் கதவு முற்றத்தில் கிடந்தது. வாசலில் ஒரு தகரக் கதவு பொருத்திப் பூட்டியிருந்தது. மரச்சட்டத்தில் அடித்த தகரம், அரைவாசிக்கு நீல நிறம். பிணைச்சல் எல்லாம் திருகி, ஆடு உள்ளே போகாதபடி கம்பியால் கட்டியும் இருந்தது. வீட்டுக்குள்ளே ஒரு சாமான் அசையவில்லை. மேசையில் கிருஷாந்தினியின் சங்கிலி வைத்தபடி கிடந்தது. பொலிஸ் வந்து முதிரைக் கதவை வழக்குப் பொருள் என்று ஏற்றியது. தகரத்தைத் தட்டிப் பார்த்து இது உங்களுடையதா என்று ஒருவர் கேட்டார். நான் தலையாட்டிவிட்டேன். அந்த நேரம் என் பெயரைக் கேட்டிருந்தாலும் தலைதான் ஆட்டியிருப்பேன்.

மறியலில் இவரைப் பார்த்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "தகரத்தை நான் காணல்ல, வதனி. என்ட கதவைத் தூக்கிற ஆளைத்தான் கண்டன்."

உங்களுக்கு ஒன்று இதுவரைக்கும் சொல்லவில்லை. கடல் கொண்டுபோன எங்கள் சின்னவளைக் கண்டெடுத்தோம் என்று மட்டும்தான் அன்று போனில் சொன்னேன். முள்வேலிக்குப் பக்கத்தில் கிடந்தாள். கடல் அவளில் ஒரு கீறல்கூடப் போடவில்லை, ஆனால் இரண்டு காதும் அறுந்திருந்தது. காது குத்துக்கு நீங்கள் அனுப்பிய தோடு. கடல் தோடு கழற்றுமா அண்ணன்? இவர் உடுத்திருந்த சாரத்தைக் கிழித்து அவளுடைய தலையைச் சுற்றிக் கட்டித்தான் என்னிடம் தூக்கி வந்தார், நான் பிறகு அவிழ்த்துப் பார்த்தேன். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு நாளும் கதைத்ததில்லை. கதவைத் தூக்கின ஆளை அடிக்கும்போது இவர் யாரை அடித்தார் என்று எனக்குத் தெரியும், நீதவானுக்கு அதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

நல்ல சட்டத்தரணி ஒருவரைப் பிடிக்க வேண்டும், அதற்கு உங்கள் கையைத்தான் பார்க்கிறேன். அதைவிட முக்கியமாக, அந்த ஆள் கண் திறக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள். மச்சாளிடமும் சொல்லுங்கள், அவ கேட்டால் சாமி இரங்கும்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும் தங்கை
வதனி


பிள்ளையார் துணை

கல்குடா
24.10.2010

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மருமகன் பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வந்தான் என்று மச்சாள் சொன்னா. அவனுக்கு மாமியின் முத்தம். இந்த வீட்டில் அண்மையில் கேட்ட ஒரே நல்ல செய்தி அதுதான்.

வீரகத்தி கண் திறக்காமலே போய்விட்டார். உங்களுக்கு அது தெரியும். இப்போது வழக்கு வேறு மாதிரி ஆகிவிட்டது. வீடு புகுந்தவனை அடித்தால் வீட்டுக்காரனில் குற்றம் இல்லை, எந்த நாட்டிலும் அதுதான் சட்டம் என்று நீங்கள் போனில் அடித்துச் சொன்னீர்கள். நானும் அதை நம்பி, தெம்பாக மட்டக்களப்புக்குப் போய்ச் சட்டத்தரணி ஐயா முன்னால் உட்கார்ந்தேன். ஐயா பொறுமையான மனுஷன். வீட்டையும் பொருளையும் காக்க அடிக்கலாம், அந்த உரிமை எங்கள் சட்டத்திலும் இருக்கிறது என்றார். எனக்கு உயிர் வந்தது. ஆனால் தேவையான அளவுக்குத்தான் அடிக்கலாம் என்றார். இரவில் வீடுடைத்து வந்தவன் என்றால் ஆள் செத்தாலும் வாதாடலாமாம். பகல் என்றால், அடிக்காவிட்டால் தன் உயிருக்கு மோசம் என்று பயந்திருக்க வேண்டுமாம். வீரகத்தியின் கையில் ஆயுதம் ஏதும் இருந்ததா என்று கேட்டார். திருகாணி கழற்றுகிற ஒன்று சட்டைப் பையில் இருந்தது என்றேன். இரண்டு கையும் எங்கே இருந்தது என்று கேட்டார். கதவைப் பிடித்துக்கொண்டிருந்தது என்றேன்.

பிறகு தகரக் கதவைப் பற்றிச் சொன்னேன். ஐயா பேனையை மூடி வைத்துவிட்டு எழுந்து யன்னலைச் சாத்தினார். களவெடுக்க வந்தவன் வீட்டுக்குக் காவலாக வேறு கதவு பூட்டிவிட்டுப் போவானா என்று எதிர்ப்பக்கம் கேட்டால் தன்னிடம் பதில் இல்லை என்றார். வீரகத்தியின் பெண்சாதி பொலிசில், அவர் தங்கள் வீட்டுத் தகரக் கதவைக் கழற்றிக்கொண்டுதான் போனார் என்று சொல்லியிருக்கிறா. அதைப் பொலிஸ் என்னிடம் கேட்டது. முதல் நாள் தலையாட்டியவள் இப்போது மாற்றிச் சொல்ல முடியுமா, எங்களுடையதுதான் என்று சொன்னேன். ஐயா தான் அதைப் பற்றி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை என்றும், நானும் ஒன்றும் சொல்லவில்லை என்றும் சொல்லி என்னை அனுப்பிவிட்டார். ஹமீட் நானாவும் தகரத்தைக் கண்டவர். கேட்டால் கண்டதைச் சொல்லுவேன் தங்கச்சி, கேட்காவிட்டால் நானாகப் போய்ச் சொல்லமாட்டேன் என்கிறார். அவரில் கோபப்பட எனக்கு என்ன நியாயம்.

எரித்துவிடு, உருக்கிவிடு, ஆற்றில் போடு என்று நீங்கள் சொல்கிறீர்கள். வாசலுக்கு வேறு என்னத்தைப் போடுவது அண்ணன்? முதிரைக் கதவு நீதிமன்றத்தில் நம்பர் ஒட்டிக் கிடக்கிறது. நானும் ஒரு குமர்ப்பிள்ளையும் இந்தத் தகரத்துக்குப் பின்னால்தான் படுக்கிறோம். நல்ல கதவு. காற்றுக்குச் சத்தம் போடுகிறது, ஆனால் இறுக்கமாகப் பூட்டியிருக்கிறார்.

உங்கள் உரிமைக் கதையைக் கேட்ட பிறகு எனக்கு ஒரே யோசனை. இந்த வீட்டுக்குள்ளும், கடல் கொண்டுபோன பழைய வீட்டுக்குள்ளும் கேட்காமல் வந்தவர்கள் எத்தனை பேர். இயக்கம் வந்து சோறு கேட்டது, பிறகு பிள்ளை கேட்டது. ஆமி வந்து அலுமாரியைக் கொட்டியது. பிறகு வந்தவர்கள் யாரென்றே தெரியாது, முகத்தில் துணி. எல்லோருக்கும் இவர் பாய் போட்டார், நான் தேத்தண்ணி ஊற்றினேன், சீனி காணுமா என்றும் கேட்டேன். அப்போதெல்லாம் வீட்டுக்காரனுக்கு அந்த உரிமை இருந்ததா என்று ஐயாவிடம் கேட்க வாய் வரை வந்தது, கேட்கவில்லை. துவக்கு இல்லாமல் இந்த வளவுக்குள் வந்த முதல் ஆளுக்குத்தான் இவர் கை ஓங்கியிருக்கிறார். அதை நினைக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது, சில நேரம் சிரிப்பும் வருகிறது. மகள் பார்த்துப் பயப்படுகிறாள்.

போன கிழமை அவருடைய பெண்சாதி வந்தா. இரத்தினம்மா என்று பெயர். மகள் தர்சினியும் கூட வந்தாள், நம்முடைய பிள்ளையை விட இரண்டொரு வயது கூட இருக்கும். கடப்படியில் வெள்ளைச் சேலையைக் கண்டதுமே ஒப்பாரி வைக்கப் போறா, மண் தூற்றப் போறா என்று நின்றேன். அவ ஒன்றும் செய்யவில்லை. கதிரை போட்டேன், அதில் இருக்காமல் முற்றத்து மண்ணில் இருந்தா. தண்ணீர் கொடுத்தேன், குடித்தா. கண் மட்டும் வாசலிலேயே இருந்தது.

பிறகு எழும்பிப் போய்த் தகரத்தில் நீலம் பூசின இடத்தைத் தடவினா. "இது எங்கட கதவு கா," என்று சொன்னா. "முகாமில தந்த தகரம். அவர் கழட்டிக்கொண்டு போகக்குள்ள நான் ஏசினன், வாசலை என்னத்தால மறைக்கிற எண்டு. பொழுது படுறதுக்குள்ள அம்மாட கதவோட வாறன் எண்டு சொல்லித்துப் போனவர்."

அழாமல் சொன்னா அண்ணன். சந்தைக்குப் போனவர் திரும்பி வரப் பிந்திவிட்டது போலச் சொன்னா. நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். அவ கேட்டது ஒன்றே ஒன்றுதான். வழக்கைப் பற்றிக் கேட்கவில்லை. இவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. குமர்ப்பிள்ளையை வைத்துக்கொண்டு வாசல் திறந்து கிடக்கிறது, சாக்குக் கட்டித்தான் படுக்கிறோம், மாப்பிள்ளை வீட்டாரும் முகம் மாறிவிட்டார்கள், இந்தத் தகரத்தை மட்டும் தாங்க, நாங்களே சுமந்துகொண்டு போகிறோம் என்றா.

கொடுத்தால் இவர் உள்ளே. அதை ஐயா சொல்ல வேண்டியதில்லை, எனக்கே விளங்கியது. நான் சொன்னேன், இது நாங்கள் வாழைச்சேனையில் வாங்கின தகரம் என்று. என்னுடைய வாயால்தான் சொன்னேன். கிருஷாந்தினி யன்னலுக்கு உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இரத்தினம்மா என் முகத்தைப் பார்த்தா. சண்டை பிடிக்கவில்லை. "அப்ப சரி கா," என்று சொல்லி, தண்ணீர் குடித்த கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போனா. ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மகள் அன்றிலிருந்து என்னோடு கதைப்பதில்லை. கேட்டதற்குத் தலையாட்டுகிறாள், அவ்வளவுதான். படிப்பும் ஓடவில்லை.

நான் செய்தது சரி என்று நீங்கள் எழுத வேண்டாம். பிழை என்றும் எழுத வேண்டாம். மேல் நீதிமன்றத்தில் பிணைக்குப் போட ஐயாவுக்குத் தேவையானதை மட்டும் அனுப்புங்கள்.

அன்புடன் தங்கை
வதனி


பிள்ளையார் துணை

கல்குடா
20.02.2011

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் அம்மனை வேண்டி எழுதுகிறேன். வெள்ளம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்த முறை வந்தது நாங்கள் ஒரு நாளும் காணாத வெள்ளம். ஆறு எது ரோட்டு எது என்று தெரியவில்லை. வயல் வட்டை முழுக்கத் தண்ணீர் நின்று பிடித்து, அறுக்க இருந்த வேளாண்மை எல்லாம் அழுகிவிட்டது. எங்கள் வீட்டுக்குள்ளும் முழங்கால் அளவுக்கு வந்து போனது. உயிருக்குச் சேதம் இல்லை.

இவர் தைப்பொங்கலுக்கு முன்னால் பிணையில் வந்தது உங்களுக்குத் தெரியும். நீங்கள் சந்தோஷத்தில் போனில் அழுதீர்கள். நானும் அன்று கோழி அடித்தேன். இனி எல்லாம் மெல்ல மெல்லச் சரிவரும் என்று எனக்கு ஒரு எண்ணம். சாட்சிகளோடு கதைக்கக் கூடாது, வாகரைப் பக்கமே கால் வைக்கக் கூடாது என்று நீதிபதி கண்டிப்பாகச் சொல்லித்தான் விட்டார். ஐயாவும் வாசலில் வைத்து அதை இரண்டாம் தரம் சொன்னார். இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்தவர் வாசலில் நின்றுவிட்டார். தகரத்தைத் தொட்டுப் பார்த்தார், பிணைச்சலைப் பார்த்தார், திருகாணி ஒவ்வொன்றிலும் விரலை வைத்துப் பார்த்தார். தெரிந்துகொண்டே இதை யார் பூட்டியது என்று கேட்டார். அந்த ஆள்தான் என்றேன். இது எங்கே வாங்கின தகரம் என்று கேட்டார். ஒளித்து என்ன பயன், இரத்தினம்மா வந்ததையும், கேட்டதையும், நான் சொன்னதையும் சொன்னேன். இவர் ஏசவில்லை. குசினிப் பக்கத்தால் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தார். அன்றைக்குப் பிறகு ஒரு நாளும் முன்வாசலால் நடக்கவில்லை. வெள்ளத்தில்கூடப் பின்பக்கத்தால்தான் இறங்கிப் போனார்.

தண்ணீர் வற்றின பிறகு ஒரு காலையில் திருகாணி கழற்றுகிற சத்தம் கேட்டு ஓடி வந்தேன். தகரத்தைக் கழற்றிச் சைக்கிளில் சாத்திக் கயிறு போட்டுக்கொண்டிருந்தார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்கவே எனக்குப் பயம், ஏனென்றால் தெரியும். சைக்கிளின் முன்சில்லைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னையும் பிள்ளையையும் நினைக்கவில்லையா, இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் நீங்களே ஓம் என்று சொன்னது போல ஆகிவிடும், திரும்பவும் பிடித்து உள்ளே போட்டால் எந்தக் கோயிலில் போய் நான் விழுவது என்று கத்தினேன். பக்கத்து வளவுக்குக் கேட்டிருக்கும். இவர் என் கையை மெல்ல எடுத்து விட்டார். "அதுகள்ற வாசல் திறந்து கிடக்கு, வதனி. போயித்து வாறன்."

கிருஷாந்தினி ஒரு போத்தல் தண்ணீரும் அவித்த மரவள்ளிக் கிழங்கும் கட்டிக் கொண்டுவந்து சைக்கிள் கூடையில் வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை.

தகரம் காற்றைப் பிடிப்பதால் ஏறி ஓட முடியவில்லையாம், பாதித் தூரம் தள்ளிக்கொண்டே போயிருக்கிறார். ஆமி சென்றியில் மறித்து எங்கே கொண்டுபோகிறாய் என்று கேட்டதற்கு, வீட்டுக்கு என்று சொன்னாராம். பனிச்சங்கேணிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் போய், வீரகத்தியின் வீடு எது என்று கேட்டுக் கேட்டுப் போயிருக்கிறார். தான் யார் என்று கேட்டவர்களுக்கு ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். அதுதான் நல்லரத்தினம். களவாகச் செய்யக்கூட ஒரு சாமர்த்தியம் வேண்டும் அண்ணன், அது இந்த மனுஷனுக்கு இல்லை.

வீட்டில் ஒருவரும் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் கார்த்திகையிலேயே வேண்டாம் என்றுவிட்டார்களாம். தர்சினி ஏஜென்சி மூலம் குவைத்துக்குப் போய்விட்டாள். தாய் தனியே இருக்கப் பயந்து, வெள்ளத்துக்கு முன்னாலேயே யாரோ சொந்தக்காரரோடு மூதூர்ப் பக்கம் போனதாகப் பக்கத்து வளவுப் பெண் சொல்லியிருக்கிறா. இனி வருவாவா என்று கேட்டதற்கு, வந்து என்ன செய்ய என்றாவாம். வாசலில் சாக்கு இற்றுத் தொங்கியதாம். உள்ளே வெள்ளம் கொண்டுவந்த சேறு, அதற்கு மேல் ஆட்டுப் புழுக்கை.

இவர் திரும்பி வந்திருக்கலாம். ஆட்களும் இல்லை, கேட்பவரும் இல்லை. தகரத்தை அங்கே சாத்தி வைத்துவிட்டாவது வந்திருக்கலாம். அந்த மனுஷன் சேற்றை வழித்து வெளியே போட்டு, வாசலைக் கழுவி, கொண்டுபோன திருகாணிகளை ஒவ்வொன்றாகப் பூட்டி, வெறும் வீட்டுக்குக் கதவு போட்டுவிட்டு வந்திருக்கிறார். முடியும் வரைக்கும் அக்கம்பக்கத்துச் சனம் வேலியோரம் நின்று பார்த்ததாம். ஒருவரும் தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லையாம்.

அடுத்த நாள் பொலிஸ் வந்து விசாரித்துவிட்டுப் போனது. யார் சொன்னார்கள் என்று நான் தேடவில்லை, நானாக இருந்தாலும் சொல்லியிருப்பேன். வருகிற வழக்குத் தவணையில் பிணையை ரத்துச் செய்யக் கேட்பார்களாம். ஐயா என்னைக் கூப்பிட்டு, இனித் தகரம் எங்களுடையது என்று யார் நம்புவார்கள், இவரே சுமந்து போய் உடையவர்களின் வாசலில் பூட்டிவிட்டு வந்திருக்கிறார், தன்னால் ஆனதைச் செய்வேன், ஆனால் நம்பிக்கை வைக்க வேண்டாம் என்றார். நான் பொய் சொன்னதையும் கேட்பார்கள் என்றார். கேட்கட்டும். ஐயாவில் குறை இல்லை அண்ணன், அவருக்கு ஏச வேண்டாம்.

தேக்கங்கதவு ஒன்று செய்விக்கக் காசு அனுப்புகிறேன் என்று போன கிழமை சொன்னீர்கள். அனுப்ப வேண்டாம். இவரிடம் சொன்னதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகளிடம் சொன்னேன், எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்றுதான் என் முகத்தைப் பார்த்துக் கதைத்தாள். "எனக்கு இந்த வீடு வேணாம்மா. கதவு போட்டாலும் வேணாம்," என்று சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் திட்டியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னாள். தர்சினி போன ஏஜென்சியின் விலாசம் எங்கே கிடைக்கும் என்று கூடப் படிக்கிற பிள்ளைகளிடம் விசாரிக்கிறாளாம். யாருக்காக இந்த வாசலைக் காத்தார் என்று இவரிடம் கேட்க எனக்குத் துணிவு இல்லை.

இப்போது வாசலுக்கு என்னுடைய பழைய சேலை ஒன்றைக் கட்டியிருக்கிறேன். இவர் அதற்குக் குறுக்கே பாயைப் போட்டுப் படுக்கிறார். தோணிக்குப் போவது குறைவு. சாப்பாடு வைத்தால் பிசைந்துகொண்டு இருக்கிறார். தவணை பங்குனி நடுப்பகுதியில். அதற்குப் பிறகு பாயும் காலியாகிவிடும் என்று நினைக்கிறேன்.

அண்ணன், உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீங்கள் இவரில் சரியான கோபத்தில் இருக்கிறீர்கள் என்று மச்சாள் சொன்னா. எவ்வளவு செலவழித்தோம், ஒரு நாளில் எல்லாவற்றையும் பாழாக்கினானே என்று நீங்கள் சொல்வது நியாயம்தான். எனக்கும் கோபம் இருக்கிறது, சைக்கிளைப் பிடித்த கை இன்னும் எரிகிறது. ஆனால் தவணைக்கு முன்னால் நீங்கள் போன் எடுத்தால், நான் இவரைக் கூப்பிட்டுப் போனை இவருடைய காதில் வைப்பேன். இவர் ஒன்றும் கதைக்கமாட்டார், மூச்சு மட்டும்தான் கேட்கும். அப்போது ஏன் போனாய் என்று கேட்க வேண்டாம். மச்சான், சாப்பிட்டீங்களா என்று மட்டும் கேளுங்கள். பதில் வராவிட்டாலும் போனை வைத்துவிடாமல் கொஞ்ச நேரம் இருங்கள்.

உங்கள் பிள்ளைகள் நீடூழி வாழ வேண்டும்.

என்றும் உங்கள் தங்கை
வதனி